கோடை முகாமுக்கு ஆறாயிரம் டாலர் கொடுக்கலாமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணிதம் பிடிக்கும், வானியல் இன்னும் பிடிக்கும். ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு வாரம் நடக்கும் கோடை முகாமுக்கு அவள் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. கட்டணம் ஆறாயிரம் டாலர். அனுப்பலாமா? பின்னால் கல்லூரியில் இடம் கிடைக்க உதவுமா? சென்னையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகனுக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா?”

அம்மா, முதலில் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாய்’ என்ற வரியைப் படித்துவிட்டுப் பிள்ளை பூரித்துப்போயிருப்பாள். அதனால்தான் உங்களுக்கும் மறுக்க மனம் வரவில்லை. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. போன்ற தேர்வுகளை நடத்தும் அமைப்புக்குப் பிள்ளைகள் சம்மதம் தந்தால், அவர்களுடைய பெயரும் முகவரியும் கட்டணத்திற்குக் கல்லூரிகளுக்கும் கல்வித் திட்டங்களுக்கும் போய்ச் சேர்கின்றன. அது நெடுங்காலமாக இருக்கும் ஏற்பாடு. இத்தகைய பட்டியல்களைப் பார்த்துத்தான் பெரும்பாலான கடிதங்கள் வருகின்றன. அவள் எழுதிய ஒரு வரியைக்கூடப் படிக்காமல் யாரும் அவளைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இதை அவளிடம் மென்மையாகச் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இது புரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். கோடையில் பல்கலைக்கழக விடுதிகள் காலியாகக் கிடக்கும். அவற்றை வெளியார் நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து முகாம் நடத்துகின்றன. வளாகத்தின் பெயர் பெரிதாக இருக்கும். பாடம் நடத்துபவருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நடத்துபவர் யார், பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் அந்த முகாமின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகமே நடத்தும் இரண்டு வார முகாம்களும் உண்டு, அவற்றுக்கும் ஐந்தாயிரம், ஆறாயிரம் டாலர் ஆகும். அவை மோசடி இல்லை; ஆனால் அவற்றில் பலவற்றில் கட்டணம் கட்ட முடிந்த ஓரளவு நல்ல மாணவர் எவருக்கும் இடம் கிடைத்துவிடும்.

என் அக்கா மகள் அப்படி ஒரு முகாமுக்குப் போனாள். எண்பது பேர் அமர்ந்த கூடத்தில் காலையில் மூன்று மணி நேரம் திரையில் படம் காட்டி உரை. பிற்பகலில் நகரத்தைச் சுற்றிக் காட்டினார்கள். கடைசி நாள் சான்றிதழும் சட்டையும் கொடுத்தார்கள். அவள் மகிழ்ச்சியாகத்தான் திரும்பினாள், தோழிகள் கிடைத்தார்கள். ஆனால், “எதையாவது உன்னால் செய்யவே முடியாமல் தவித்தாயா?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “இல்லை மாமா” என்றாள். அந்தப் பதில் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. பதினாறு வயதுப் பெண், கூர்மையான புத்தி, இரண்டு வாரம் முழுக்க அவளுக்குக் கடினமான ஒன்றைக்கூட யாரும் கையில் கொடுக்கவில்லை.

முகாம் நல்லதா என்று பார்க்க நான் இரண்டே கேள்விகள்தான் கேட்பேன். உள்ளே சேர்ப்பதற்கு முன் பிள்ளையிடம் என்ன கேட்கிறார்கள்? இரவு பத்து மணிக்கு விடுதியில் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பாள்? மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மூன்று கோடைகள் ஓர் எண்கணித முகாமில் வழிகாட்டியாக வேலை பார்த்தேன். எண்கணிதம் என்று இங்கே சொல்வது கூட்டல் கழித்தலை அல்ல, முழு எண்களின் இயல்புகளை ஆராயும் கணிதப் பிரிவை. அதனால் இந்த வகை முகாமை உள்ளிருந்தே அறிவேன். அமெரிக்காவில் இதற்கு மூலவர் ஆர்னால்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியர். சிகாகோவில் பிறந்து ஒடெசாவில் வளர்ந்தவர். அமெரிக்காவைப் பதறவைத்த சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனது 1957 அக்டோபரில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அந்த ஆண்டுக் கோடையில், நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு எண்கணிதம் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். 1964-இல் முகாம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. தொண்ணூறு வயதைக் கடந்தும் அவரே பாடம் நடத்தினார். ‘எளிய விஷயங்களைப் பற்றி ஆழமாகச் சிந்தி’ என்பதுதான் முகாமின் வாசகம். அங்கே படித்து வளர்ந்தவர்கள் 1989-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ப்ராமிஸ் முகாமைத் தொடங்கினார்கள். இரண்டும் ஆறு வாரம். 1993-இல் தொடங்கிய மேத்கேம்ப் ஐந்து வாரம்; அது ஆண்டுக்கு ஒரு வளாகமாக இடம் மாறி நடப்பது.

இந்த முகாம்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கை வைத்தே காட்டுகிறேன். முதல் வாரத்தில் தாளில் இப்படி ஒரு கேள்வி வரும்: எந்தெந்தப் பகா எண்களை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும்? அவ்வளவுதான், குறிப்பு எதுவும் கிடையாது. பிள்ளைகள் எழுதிப் பார்ப்பார்கள். 5 என்பது 1-உம் 4-உம். 13 என்பது 4-உம் 9-உம். 17 என்பது 1-உம் 16-உம். 29, 37, 41 வருகின்றன. 7 வரவில்லை, 11 வரவில்லை, 19, 23, 31 எதுவும் வரவில்லை. ஐம்பது வரை பட்டியல் போட்டதும் யாராவது ஒருத்தர் கண்டுபிடிப்பார்: வருகிற எண்களை நான்கால் வகுத்தால் மீதி ஒன்று, வராதவற்றுக்கு மீதி மூன்று. இரண்டு மட்டும் தனி.

பள்ளிக்கூடத்தில் இந்த விதியை எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். முகாமில் இங்கேதான் வேலையே தொடங்குகிறது. ஐம்பது வரை சரியாக வந்தது என்பதற்காக எப்போதும் சரியாக வருமா? மீதி மூன்று வரும் எண்கள் ஏன் சிக்குவதில்லை என்பதை ஒரு நல்ல மாணவி ஒரே இரவில் காட்டிவிடுவாள். எந்த வர்க்கத்தை நான்கால் வகுத்தாலும் மீதி பூச்சியமோ ஒன்றோதான். அப்படி இரண்டைக் கூட்டினால் மூன்று வர வழியே இல்லை. இதைத் தானாகக் கண்டுபிடித்த ஒரு பெண் இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினாள். கையெல்லாம் மை, முகத்தில் அப்படி ஓர் ஒளி. கதவில் சாய்ந்தபடியே முழுவதையும் சொல்லி முடித்தாள். “சரி, மீதி ஒன்று வரும் எண்கள் எல்லாமே வந்துவிடுகின்றனவே, அது ஏன்?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டாள். அந்தப் பாதி மிகக் கடினம். ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை அதை 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இன்னொரு மேதையான ஆய்லர் அதை நிரூபித்து முடிக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அவளுக்கு நான்கு வாரம் ஆயிற்று. வேண்டிய கருவிகள் ஒவ்வொன்றாக அன்றாடத் தாள்களில் வந்துகொண்டே இருக்கும். எந்தக் கருவி எதற்கு என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். விடையைச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் வழிகாட்டிகளுக்கு முதல் பாடம். தினமும் மாணவர் எழுதிக் கொடுப்பதைப் படித்து, ‘இந்த வரி எப்படி வந்தது?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்போம். ஒரே நிரூபணம் நான்கு முறைகூடப் போய்வரும்.

சில கூற்றுகள் வேண்டுமென்றே தவறாகத் தரப்படும். நிரூபி, இல்லையென்றால் பொய் என்று காட்டு, பொய் என்றால் அதில் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்று என்பார்கள். இந்த மூன்றாவது பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. தவறான ஒன்றைத் தூக்கி எறியாமல், அதற்குள் எங்கே உண்மை இருக்கிறது என்று தேடும் பழக்கத்தைப் பள்ளித் தேர்வுகள் எதுவும் கற்றுத்தருவதில்லை.

உங்கள் மகளுக்கு வானியல் இன்னும் பிடிக்கும் என்கிறீர்களே, அப்படியென்றால் நான் முதலில் சொல்ல விரும்புவது சம்மர் சயன்ஸ் ப்ரோக்ராமை. 1959-இல் கலிஃபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளியில் தொடங்கியது. இப்போது பல வளாகங்களில் நடக்கிறது. வானியல் பிரிவில் செய்வது ஒரே வேலை. மூன்று பேர் கொண்ட குழு, பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளைத் தேர்ந்தெடுக்கும். இரவில் தொலைநோக்கியால் அதைப் படம் எடுக்கும். பின்னணி விண்மீன்களை வைத்து அதன் இடத்தை அளக்கும். வெவ்வேறு இரவுகளில் எடுத்த அளவுகளிலிருந்து அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிடும். கணிக்கும் நிரலையும் பிள்ளைகளே எழுதவேண்டும். 1801 ஜனவரி முதல் நாள் இத்தாலியில் பியாட்ஸி என்ற வானியலாளர் கண்டுபிடித்த சீரிஸ் என்ற சிறிய கோள், சில வாரங்களில் சூரியனின் ஒளிக்குள் மறைந்து தொலைந்துபோனது. இருபத்து நான்கு வயதான ஜெர்மானியக் கணித மேதை காஸ் அதன் பாதையைக் கணித்துச் சொன்ன இடத்துக்கு அருகிலேயே ஆண்டு முடிவில் அது மீண்டும் அகப்பட்டது. அதே முறையைத்தான் இந்தப் பிள்ளைகளும் கையாள்கிறார்கள். முடிவில் அவர்களுடைய அளவுகள் சிறுகோள்களுக்கான பன்னாட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றன. உண்மையான சிறுகோள், உண்மையான அளவு. மேகம் வந்தால் அந்த இரவு போயிற்று. பதினாறு வயதில் இதைவிட நல்ல அறிவியல் பாடம் ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இது பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களுக்கானது; எனவே அடுத்த ஆண்டுக்கு மனதில் வையுங்கள்.

பெயர் பெற்ற மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் தொடங்கிய ஆர்.எஸ்.ஐ. (ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிட்யூட்), எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்தில் ஆறு வாரம் நடக்கும் ஆராய்ச்சி முகாம். கட்டணம் கிடையாது, உலகம் முழுவதிலுமிருந்து நூறு பேர் அளவுக்குத்தான் எடுப்பார்கள் என்பதால் அதை நம்பி ஒரு கோடையைத் திட்டமிடாதீர்கள். உங்கள் மாநிலத்திலேயே கவர்னர்ஸ் ஸ்கூல் என்ற கோடைத் திட்டம் இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே பள்ளி ஆலோசகரிடம் இப்போதே பேசிவையுங்கள். கணிதம், அறிவியல் அல்லாமல் இலக்கியத்திலோ வரலாற்றிலோ நாட்டமுள்ள பிள்ளை என்றால் டெல்யூரைடு முகாம். 1954 முதல் நடக்கிறது, அதுவும் இலவசம். மதிப்பெண்ணைவிடப் பிள்ளை எழுதும் கட்டுரைகளுக்கே அங்கே மதிப்பு. சிறு குழுவாக ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து நூல்களைப் பற்றி வாதாடுவார்கள். விடுதி வாழ்க்கையின் விதிகளைக்கூடப் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

கட்டணம் வாங்குகிற முகாம் என்பதாலேயே ஒதுக்கிவிடாதீர்கள். ராஸ், ப்ராமிஸ், மேத்கேம்ப் மூன்றுமே கட்டணம் வாங்குபவைதான். ஆனால் தேர்வு முதலில், பணப் பேச்சு அதற்குப் பிறகு. உதவி தேவைப்படும் குடும்பங்களுக்குப் பெருமளவு குறைப்பார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு முழுவதும் தள்ளுபடி உண்டு. உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம்மவர்களில் பலர் கௌரவம் பார்த்து அந்தப் படிவத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பணத்தைத் தந்தவர்களே அதற்காகத்தான் தந்திருக்கிறார்கள்.

கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். பணம் கட்டினால் சேரக்கூடிய முகாமின் பெயர் விண்ணப்பத்தில் ஏறக்குறைய எந்த எடையும் பெறாது. எந்த வளாகத்தில் நடந்ததோ அந்தப் பல்கலைக்கழகத்தில்கூட அது முன்னுரிமை தராது. ஆர்.எஸ்.ஐ. போன்றவற்றுக்குப் போனவர்கள் பெரிய கல்லூரிகளில் நிறையச் சேர்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நூறு பேரை அவ்வளவு கடுமையாகப் பொறுக்கி எடுத்தபின், முகாமே இல்லாதிருந்தாலும் அவர்களில் பலருக்கு இடம் கிடைத்திருக்கும். சேர்க்கை அலுவலர் பார்ப்பது பிள்ளை எதில் ஆழ்ந்து போயிருக்கிறாள் என்பதை. கோடை முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து எண்கணிதம் படித்து எழுதிய பத்துப் பக்கமோ, கடையில் வேலை பார்த்துக் குடும்பத்துக்குக் கொடுத்த பணமோ, ஆறாயிரம் டாலர் சான்றிதழைவிட அவளைப் பற்றி அதிகம் சொல்லும். கல்லூரிக்காக மட்டும் அனுப்புவதாக இருந்தால் அனுப்பவேண்டாம். அந்தப் பணம் கல்லூரிக் கட்டணத்துக்கே தேவைப்படும்.

நல்ல முகாம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்துக்கு நீங்களும் தயாராக இருக்கவேண்டும். பள்ளியில் எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளை, அங்கே போய் மூன்றாம் நாள் தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாரும் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று கண்டுகொள்வாள். இரவு தொலைபேசியில் அழுவாள். “நான் இங்கே இருக்கத் தகுதியில்லாதவள், வந்து அழைத்துப் போங்கள்” என்பாள். நான் வழிகாட்டியாக இருந்த மூன்று கோடையிலும் இந்தத் தொலைபேசி அழைப்பைப் பார்த்தேன். அழுதவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வாரம் தேறிவிட்டார்கள். அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்து அழைத்துப் போன ஒரு பையனை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. இன்னும் நான்கு நாள் பொறுத்திருந்தால் அவன் நிலைத்திருப்பான். கேட்டுக்கொள்ளுங்கள், ஆறுதல் சொல்லுங்கள், முதல் பத்து நாள் அழைத்து வராதீர்கள். அவள் பேசுவது வீட்டு நினைவைத் தாண்டி வேறு ஏதோ பயம் என்று தோன்றினால் மட்டும் உடனே முகாம் அலுவலரிடம் பேசுங்கள். விடுதியில் இரவில் பொறுப்பில் யார் இருக்கிறார்கள், மருத்துவ உதவிக்கு யாரை அழைப்பது, தொலைபேசி விதிகள் என்ன என்பதைப் பணம் கட்டுமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பக்கூடாது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; நம் வீட்டுப் பெற்றோர் எல்லாரும் மனதுக்குள் கேட்கும் கேள்வி அது. சைவம் என்று விண்ணப்பத்திலேயே எழுதினால் ஏற்பாடு செய்வார்கள். சோறு, பருப்பு, சாலட், பாஸ்தா என்று நாள் ஓடிவிடும். ஒரு சிறிய டப்பா பருப்புப் பொடி கொடுத்தனுப்புங்கள். என் முகாமில் ஒரு பையன் கொண்டுவந்த பொடியைக் கொரியாவிலிருந்து வந்த அறைத்தோழன் பாதிக்கு மேல் தீர்த்துவிட்டான். இருவரும் இன்றும் நண்பர்கள்.

உங்கள் அண்ணன் மகனுக்கு: ஒன்பதாம் வகுப்பு என்பதால் இஸ்ரோவின் யுவிகா என்ற இளம் விஞ்ஞானி முகாம் அவனுக்குப் பொருந்தும். 2019-இல் தொடங்கியது. மே மாதம் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களில் தங்கிப் படிக்கலாம். பயணம், தங்குமிடம், உணவு எல்லாம் இஸ்ரோவின் செலவு. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள். நகரப் பிள்ளைக்குப் போட்டி சற்றுக் கடினம், அது நியாயமானதும்கூட. கணிதத்தில் பிடிப்பு இருந்தால் கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வான ஐ.ஓ.கியூ.எம். எழுதட்டும். அடுத்தடுத்த கட்டங்களைத் தாண்டுபவர்களுக்குப் பயிற்சி முகாம் உண்டு. ப்ராமிஸ் அண்மை ஆண்டுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் நடக்கிறது. அதற்கு அவன் இன்னும் ஓரிரு ஆண்டு காத்திருக்கலாம்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. அந்தக் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதவேண்டாம். ப்ராமிஸ், ராஸ், மேத்கேம்ப் மூன்றும் தங்கள் நுழைவுக் கணக்குகளை இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. நேரம் கட்டுப்படுத்திய தேர்வாக இல்லாமல், வாரக்கணக்கில் வீட்டில் வைத்துச் செய்யவேண்டிய கணக்குகள் அவை. ஏதாவது ஒரு தாளை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுங்கள். முகாம், கல்லூரி, கட்டணம் எதையும் அவளிடம் பேசவேண்டாம். ஒரு வாரம் கழித்து அந்தத் தாளில் கிறுக்கல்கள் இருக்கின்றனவா, பள்ளிக்குப் போகும் வழியில் அதைப் பற்றி அவளாகப் பேச்செடுத்தாளா என்று பாருங்கள். இருந்தால் உடனே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்; பெரும்பாலானவற்றுக்குக் கடைசி நாள் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் வந்துவிடும், ஆசிரியர் பரிந்துரைக் கடிதத்துக்கும் நேரம் வேண்டும். தாள் அப்படியே கிடந்தாலும் கவலை இல்லை. தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான வானியல் விண்ணப்பத்தை நாம் இப்போதிருந்தே சேர்ந்து பார்க்கலாம்.